இறங்கி வந்த தொட்டில்

உச்சி வெயில் நேரம். சவுக்கங்காட்டுக்குள் என் தங்கை மலர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். ஒரு மரத்துக்குக் கிட்டப் போனதும் நின்று, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“இஞ்சை பாருங்கோ அக்கா. இடுப்பளவுக்கு வந்திட்டுது.”

மரத்தின் கொப்பொன்றில் ஒரு சின்ன மரத்தொட்டில் சிவப்புத் துணியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பிள்ளைவரம் கேட்டுக் கட்டுகிற நேர்த்தித் தொட்டில். வெயிலிலும் உப்பிலும் துணி வெளிறிப் போயிருந்தது. மலர் குனியவுமில்லை, எட்டவுமில்லை. நின்றபடியே கையைத் தொட்டிலுக்குள் வைத்தாள்.

அந்தத் தொட்டிலை மலரின் புருசன் சிவம் கட்டிய நாளில் நானும் அங்கே நின்றேன். அவன் சைக்கிள் கரியரில் ஏறி நின்றுதான் கட்டினான். நான் சைக்கிளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “விழுந்து துலையாதை” என்று அவனைப் பேசினது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அந்தத் தொட்டிலை நான் அண்ணாந்துதான் பார்த்தேன்.

இப்போது அது என் தங்கையின் இடுப்புக்கு நேரே நின்றது. காற்று இல்லை. அவள் கையை எடுத்த பிறகும் தொட்டில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

நான் ஓரடி பின்னால் போனேன். பக்தியால் இல்லை. முப்பது வருசமாக மரங்களை அளந்து சம்பளம் வாங்கினவள் நான். மரம் நுனியில்தான் வளரும். கொப்பு முளைத்த உயரத்திலேயே கடைசிவரை நிற்கும். நெஞ்சுயரத்தில் ஓர் ஆணியை அடித்துவிட்டுக் கிழவியாகித் திரும்பி வந்தாலும் அது நெஞ்சுயரத்தில்தான் இருக்கும். கொப்பு ஒருநாளும் கீழே இறங்காது.

“சொன்னனே அக்கா, மரம் இறங்கி வருகுதெண்டு. நீங்கள்தான் நம்பேல்லை” என்றாள் மலர்.

காடு என்று சொன்னால் சிரிப்பார்கள்

இரண்டு கிழமைக்கு முன் இந்தத் தொடரில் எங்கள் இணுவில் வீட்டைப் பற்றி எழுதியபோது, தங்கை ஒருத்தி கடற்கரைப் பக்கம் கலியாணம் கட்டிப் போனாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவளைப் பற்றி ஏன் அதோடு நிறுத்தினீர்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிறுத்தினதற்குக் காரணம் இந்தக் காடுதான்.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டி, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு போனால் வரும் ஊர்களில் ஒன்று. அதற்கு மேல் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே வான் பிடித்துக்கொண்டு தொட்டில் கட்டப் போவீர்கள்.

காடு என்று சொன்னால் வன்னி ஆட்கள் சிரிப்பார்கள். குடாநாட்டில் இருக்கிற எங்களுக்குப் பெரிய காடு எங்கே? கடல் மணலை மறிக்க யாரோ ஒரு காலத்தில் வரிசை வரிசையாக நட்ட சவுக்குகள், பிறகு தாமாகவே விதை விழுந்து முளைத்தவை, எல்லாம் சேர்ந்து ஒரு காடு. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் மலரின் வீடு, ஒரு கிணறு, சிவம் வெங்காயம் நடுகிற தறை. மற்றப் பக்கம் மணல் மேடு. அதற்கப்பால் கடல்.

இந்தச் சவுக்குகள் நிற்கும் வரைதான் மலருக்கு வீடும் கிணறும். அவை செத்தால் மணல் வாசலுக்கு வரும். இது எனக்கும் தெரியும், சிவத்துக்கும் தெரியும், அந்தக் கரையில் பிறந்த ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

சவுக்கங்காட்டுக்குள் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? வெளியில் காற்றில்லாத நேரத்திலும் மேலே ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். யாரோ பல்லுக்குள்ளால் மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி. பழகினவர்களுக்கு அது கேட்காது. ஒருநாள் அது நின்றுபோனால்தான் கேட்கும்.

பதினேழு

எங்கள் வனத் திணைக்களம் அந்தப் பள்ளத்தில் அறுபது மரங்களைத் தெரிந்து எடுத்திருந்தது. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை நான் போய் அவற்றின் சுற்றளவை அளந்து கொப்பியில் எழுதவேண்டும். மரம் பருக்கிறதா, காடு சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது. காய்ச்சல்காரனுக்கு நாடி பிடிக்கிற மாதிரித்தான்.

என்னோடு குணம் அண்ணை வருவார். தொண்டைமானாற்று ஆள், நெடுவல், என்னைவிட வயது கூட, கதை குறைவு. அவரிடம் நாலேகால் அடித் தடி ஒன்று இருக்கும். அதை மரத்தடியில் ஊன்றி, தடியின் நுனி தொடுகிற இடத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு வளையம் கீறுவார். அந்த வளையத்தில் நான் நாடாவைச் சுற்றி அளப்பேன். கீழே ஓரடி உயரத்தில் மரத்தின் இலக்கத்தை நான் எழுதுவேன். இலக்கம் எழுத அவரை விட்டதில்லை. அவருடைய ஏழு ஒன்றைப் போல இருக்கும்.

முதன்முறை நாங்கள் அளந்தது ஒரு புரட்டாதியில். அந்த வருசம் கார்த்திகையில்தான் மலருக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. இதயத்தில் குறையோடு பிறந்தது. பதினோராம் நாள் போய்விட்டது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்த பிறகு பெயர் வைக்கலாம் என்றிருந்தார்கள், பெயரும் வைக்கவில்லை.

அவ்வளவு சின்னப் பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆனால் அந்தக் கிழமை ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்தது. கடலைப் பார்த்து நின்ற முன்வரிசைச் சவுக்குகள் அத்தனையும் சரிந்து கிடந்தன. சுடலையில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது? சிவம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனான். பள்ளத்தில் ஈரம் இறங்கிய ஓர் இடத்தில், மரமொன்றின் வீட்டைப் பார்த்த பக்கமாக, மூன்றடி ஆழத்தில் கிடங்கு வெட்டினான். அடையாளத்துக்குக் கல் எதுவும் வைக்கவில்லை. மரத்தில் என் கையெழுத்தில் இலக்கம் இருந்தது. பதினேழு.

அதற்குப் பிறகு மலர் அந்த இடத்தை அப்படித்தான் சொல்வாள். “பதினேழடிக்குப் போட்டு வாறன்” என்பாள், பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரி. நான் எழுதினது மரத்தின் இலக்கம். அது என் தங்கையின் பிள்ளைக்குப் பெயராகிவிட்டது.

அடுத்த தையில், அதே மரத்தில் இன்னொரு பிள்ளை கேட்டுத் தொட்டில் கட்டினாள். போன பிள்ளை காவலுக்கு இருக்கிற இடத்தில் வருகிற பிள்ளையைக் கேட்கவேணும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். நான் சைக்கிளைப் பிடித்தேன்.

என் வாய்க்கொழுப்பு

இரண்டு வருசம் கழித்து நானும் குணம் அண்ணையும் மறுபடி போனோம். போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது, இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

ஓரடி உயரத்தில் நான் எழுதின இலக்கங்கள் ஒன்றையும் காணவில்லை. அவர் கீறின வளையங்கள் நெஞ்சுயரத்தில் இல்லாமல், அதற்கு ஒன்றேகால் அடி கீழே இடுப்பு மட்டத்தில் கிடந்தன. அறுபது மரத்திலும் அப்படித்தான்.

“என்ன அண்ணை இது? போன முறை குந்தி இருந்துகொண்டோ கீறினியள்?”

“தடியை ஊண்டித்தான் கீறினனான் தங்கச்சி.”

“அப்ப தடி கட்டையோ?”

அவர் தடியை என் நாடாவில் வைத்துக் காட்டினார். நாலேகால் அடி சரியாக இருந்தது. எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவருக்கு அப்போது முதுகுவலி. குனிந்த முதுகோடு அலுப்பில் கண்டபடி கீறியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். இலக்கங்களை உப்புக்காற்றுத் தின்றுவிட்டது என்றும் நானே தீர்மானித்தேன். அவர் குனிந்து மரத்தின் அடியைப் பார்த்தார்.

“நிலம் உயர்ந்திருக்குமோ தங்கச்சி?” என்றார்.

“கண்டறியாத கதை. வேலையைப் பாருங்கோ” என்றேன்.

அவர் வேலையைப் பார்த்தார். பழைய வளையங்களைச் சுரண்டிவிட்டுத் தடியை ஊன்றிப் புதிதாகக் கீறினார். நான் ஓரடி உயரத்தில் இலக்கங்களைப் புதிதாக எழுதினேன். பிறகு நாடாவைச் சுற்றினேன். பதினேழாம் மரம் போன முறை இருந்ததைவிட ஒரு விரல் மெலிந்திருந்தது.

திரும்பச் சுற்றினேன். அதே அளவுதான். அடுத்த மரமும் மெலிந்திருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

பட்டப்பகலில், வெயிலில், அறுபது மரமும் மெலிந்துபோய் என்னைச் சுற்றி நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தை அப்படியே எழுதியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மரம் மெலியாது, நாடாதான் இழுபட்டிருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு மரத்துக்கும் வளரவேண்டிய அளவைக் கூட்டி எழுதினேன். கொப்பி அழகாக இருந்தது. அலுவலகத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கடுத்த முறையும் இலக்கங்களைக் காணவில்லை. அதற்கடுத்த முறையும் காணவில்லை. இரண்டு முறையும் திருத்தித்தான் எழுதினேன். ஒரு பொய்யை எழுதிவிட்டால் அடுத்ததை அதற்குப் பொருத்தமாக எழுதவேண்டியிருக்கிறது. குணம் அண்ணை பிறகு நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தடியை ஊன்றுவார், கீறுவார், தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் இருப்பார். கடைசி முறை போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தங்கச்சி, இஞ்சை ஏன் ஒரு குருவியும் இல்லை?”

நான் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

மரம் குனிகிறது

இதற்கிடையில் தொட்டில் பெயரெடுத்துவிட்டது. மலரைப் பார்த்து இன்னொரு பெண் பதினெட்டாம் மரத்தில் தொட்டில் கட்டினாள். அவளுக்கு அடுத்த வருசமே பிள்ளை கிடைத்தது. அது போதாதா? வல்வெட்டித்துறையிலிருந்து வந்தார்கள், கரவெட்டியிலிருந்து வந்தார்கள், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் கார் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பள்ளம் முழுக்கத் தொட்டில்கள்.

தொட்டில்கள் வருசத்துக்கு வருசம் இறங்கி வருவதைப் பெண்கள்தான் முதலில் கண்டார்கள். கட்டும்போது தலைக்கு மேல், பிறகு கண்ணுக்கு நேரே, பிறகு நெஞ்சளவு. மரம் குனிந்து கொடுக்க வருகிறது என்றார்கள். இடுப்பளவுக்கு வந்துவிட்டால் அந்த வருசம் வயிற்றில் தங்கும் என்று ஒரு கணக்கும் பிறந்தது. அந்த மரங்கள் அப்போது கொப்புத் தெரியாமல் காய்த்துத் தள்ளியிருந்தன. காயைப் பார்த்தும் கைகூப்பினார்கள். சாகப்போகிற மரம் கடைசியில் அப்படிக் காய்ப்பதுண்டு. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

வருகிறவர்கள் முள்ளில் மிதிக்காமல் வரவேண்டுமே. கடற்பக்க வீதியிலிருந்து நேராகப் பள்ளத்துக்கு ஒரு பாதை வெட்டினார்கள். மணல் மேட்டின் மேல் படர்ந்து கிடந்த அடம்பன் கொடியை வேரோடு இழுத்தெடுத்தார்கள். இராவணன் மீசை என்று ஒரு முட்புல், மணலைப் பிடித்துவைத்திருக்கிற புல், அதைக் கொத்தி நெருப்பு வைத்தார்கள். எல்லாம் பக்தியோடுதான் செய்தார்கள். சிவமும் ஒருநாள் கூலி வாங்காமல் போய் வெட்டினான்.

முன்வரிசை மரங்களைப் புயல் எடுத்துவிட்டது. மிச்சமிருந்த கொடியையும் புல்லையும் நாங்கள் எடுத்தோம். வாடைக் காற்றுக்கு இனி யார் தடை? ஒவ்வொரு மாரியிலும் மணல் அந்தப் பாதையால் சத்தமில்லாமல் வந்தது. ஒரேயடியாகக் கொட்டியிருந்தால் கண்டிருப்போம். அது சமமாக, பாய் விரித்த மாதிரி வந்து படிந்தது. பள்ளம் முழுவதும் ஒரே மட்டத்தில் உயர்ந்ததால் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. பாதை இருந்தபடியால் ஆட்கள் வந்தார்கள். பாதை இருந்தபடியால் மணலும் வந்தது. மணல் வந்தபடியால் தொட்டில் இறங்கியது. தொட்டில் இறங்கினபடியால் இன்னும் ஆட்கள் வந்தார்கள்.

இதில் மலர் செய்தது என்ன தெரியுமா? யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு டொக்டரம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். தொட்டில் தோளளவுக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டாள். “மரம் இறங்குதே அக்கா, பேந்தென்னத்துக்கு ஊசி?” என்றாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து. இடுப்பளவுக்கு வந்த அந்த உச்சி வெயிலில் முப்பத்தொன்பது.

சிவத்தின் மண்வெட்டி

அந்த வெயிலுக்கே திரும்பி வருகிறேன்.

மலர் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் மரத்தின் அடியைப் பார்த்தேன். ஒரு வருசத்துக்கு முன் ஓரடி உயரத்தில் எழுதின பதினேழு, இப்போது என் கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றது. ஏழின் கால் மணலைத் தொடுகிற மாதிரி இருந்தது.

மேலே பார்த்தேன். நுனி முழுவதும் பழுத்து மஞ்சளாகிப் போயிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அந்த இரைச்சல் இல்லை. காட்டில் சத்தமே இல்லை.

“மலர், வீட்டை போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா.”

“ஏனக்கா?”

“கேள்வி கேளாதை. எடுத்துக்கொண்டு வா.”

அவள் போய்வரும் வரைக்கும் தனியே நின்றேன். சுற்றிவர நாற்பது ஐம்பது தொட்டில்கள். சில நெஞ்சளவில், சில முழங்காலளவில். ஒன்று மணலில் முட்டிக்கொண்டு சரிந்திருந்தது. அதற்குள் பாதிக்கு மணல். பிள்ளைக்குக் கட்டின தொட்டில் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. முருகா, செல்வச்சந்நிதியானே, இவள் இதைக் காணக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அவள் தினமும் அந்தப் பக்கம் வருகிறவள்.

மண்வெட்டியை வாங்கி மரத்தடியில் போட ஓங்கினேன். மலர் என் கையைப் பிடித்தாள்.

“அந்தப் பக்கம் வேண்டாம் அக்கா. அவன் கிடக்கிறான்.”

கடல் பக்கமாகப் போய் நின்று வெட்டினேன். மணல் வெட்டுவது சுகம், ஆனால் வெட்ட வெட்டச் சரியும். முக்கால் அடி போனதும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கையால் தட்டிவிட்டேன். பதினேழு. என் கையெழுத்து.

“இதென்ன, மேலையும் ஒரு பதினேழு நிக்குதே?” என்றாள் மலர்.

இன்னும் வெட்டினேன். இப்போது மரத்தின் உடம்பிலிருந்து சிவப்பு மயிர் மாதிரி வேர்கள் புறப்பட்டிருந்தன. வேர் இருக்கவேண்டிய இடமில்லை அது. நடு உடம்பு. கீழே மூச்சுமுட்டின மரம், புதிதாக வந்த மணலில் பிடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறது. மணல் மட்டத்தில் அதன் நுனிகளைக் கண்ட பெண்கள் அம்மன் சடை விட்டிருக்கிறாள் என்று மஞ்சள் தடவியிருந்தார்கள். வேரை விலக்கினேன். இன்னொரு பதினேழு.

மலர் என்னிடமிருந்து மண்வெட்டியை வாங்கி அவளே வெட்டத் தொடங்கினாள். நாலடியில் கடைசி இலக்கம் வந்தது. முதல் புரட்டாதியில் எழுதினது. பெயின்ற் புதிதாக இருந்தது. உப்புக்காற்று அதைத் தின்னவில்லை. அது அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் பட்டை கறுத்து, அமத்தினால் விரல் உள்ளே போனது. புளித்த மணம் வந்தது.

முதன்முதல் அளந்த வளையம் இருந்திருக்கவேண்டிய உயரத்தைக் கணக்குப் பார்த்து, மணலை விலக்கி, வேலைப் பையிலிருந்த நாடாவை எடுத்துச் சுற்றினேன். மரம் மெலியவில்லை; மணல் ஏற ஏற, ஒவ்வொரு முறையும் நான் மேலே மெல்லிய இடத்தை அளந்திருக்கிறேன். ஆனால் ஏழு வருசத்தில் அந்த மரம் அரை விரல்கூடப் பருத்திருக்கவில்லை. கொப்பியில் என் கையால் அது நன்றாகப் பருத்திருந்தது.

சொன்னேன்

கிடங்கின் விளிம்பில் இருந்துகொண்டு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மரம் இறங்கவில்லை, நிலம் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். காடு புதைபட்டுக்கொண்டு சாகிறது என்று சொன்னேன். மூன்று முறை அது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், குணம் அண்ணை சொன்னபோது நான் அவருடைய வாயை அடைத்தேன், கொப்பியில் பொய் எழுதினேன் என்றும் சொன்னேன். நான் உண்மையை எழுதியிருந்தால் பாதையை மூடியிருப்பார்கள், நீயும் டொக்டரிடம் போவதை விட்டிருக்கமாட்டாய், உன்னுடைய நாலு வருசத்தை நான்தான் தின்றேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அலுவலகத்தில் ஒருவர் முன்னாலும் அழாதவள் நான்.

பிற்பாடு இதையெல்லாம் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, “ஓய்வு பெற நாலு மாதம்தானே இருக்கு, இதை ஏன் இப்ப எழுதுறியள்?” என்றார். பாதையை அடைத்தார்கள். அடம்பன் கொடி நட்டார்கள். அந்த அறுபதில் எத்தனை பிழைக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மலரின் வேலிக்கட்டைகள் இப்போது போன வருசத்தைவிடக் குட்டையாக நிற்கின்றன. குணம் அண்ணையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதை விடும் தங்கச்சி, தேத்தண்ணி குடியும்” என்றார்.

ஆனால் அந்தக் கிடங்கின் விளிம்பில் மலர் அழவில்லை. என்னைத் திட்டிப் பேசவுமில்லை. பேசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். எழும்பிப் போய் மரத்தின் வீட்டுப் பக்கமாக நின்று கீழே பார்த்தாள். அங்கே வெறும் வெள்ளை மணல். ஒரு காலடிகூட இல்லை.

“அக்கா.”

“சொல்லு.”

“அப்ப அவன் இப்ப எவ்வளவு ஆழத்திலை கிடக்கிறான்?”

நான் சொல்லியிருக்கலாம், அவன் வைத்த இடத்தில்தான் கிடக்கிறான், அதை நினையாதே என்று. வாயில் வந்தது. அவள் என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள்.

“சும்மா சொல்லாதேங்கோ. அளந்து சொல்லுங்கோ.”

கிடங்குக்குள் இறங்கினேன். நாடாவின் நுனியைக் கடைசிப் பதினேழின் அடியில் வைத்து, மற்ற நுனியை மேலே அவளிடம் கொடுத்தேன். அவள் மணல் மட்டத்தில் பிடித்தாள். நாலடி. இலக்கத்திலிருந்து பழைய நிலத்துக்கு நான் வழமையாக எழுதுகிற உயரம், ஓரடி. அன்று சிவம் வெட்டின கிடங்கு மூன்றடி.

“எட்டடி” என்றேன்.

“கூட்டிக் குறைச்சுச் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை மலர். எட்டடி.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு தொட்டிலுக்குக் கிட்டப் போனாள். சைக்கிளில் ஏறிக் கட்டின முடிச்சை நின்றபடியே அவிழ்த்தாள். தொட்டிலுக்குள் ஒரு கைப்பிடி மணல் சேர்ந்திருந்தது. அதைக் கொட்டாமல், அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“திங்கட்கிழமை ரவுணுக்கு வாறன். டொக்டரம்மாட்டை நீங்களும் வாங்கோ. இனி ஏலாதெண்டால் ஏலாதெண்டு அவ சொல்லட்டும்” என்றாள். “முதல் இதை எழுதுங்கோ.”

“எதை?”

“எட்டடியை. கொப்பியிலை எழுதுங்கோ.”

அப்படி எழுத அந்தக் கொப்பியில் இடம் எதுவும் இல்லை. சுற்றளவுக்குத்தான் கட்டம் இருந்தது. நான் பையிலிருந்து கொப்பியை எடுத்து, பதினேழுக்கு நேரே எட்டடி என்று எழுதினேன். நான் எழுதி முடியும்வரை அவள் தொட்டிலோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் இன்றுவரை திருத்தவில்லை.